மூணுக்கு அப்புறம் அஞ்சு

ஒண்ணு என்றான் தங்கபாண்டி. ரெண்டு என்றது அடுத்த வண்டி, மூணு என்றது அதற்கடுத்தது, வாக்கிடாக்கி ஒரு தடவை கரகரத்துவிட்டு அஞ்சு என்றது. "எல்லாரும் இருக்கோம். சந்தோஷம். மெதுவா வாங்க" என்று தங்கபாண்டியே முடித்தும் வைத்தான். எல்லாரும் இருக்கிறார்களாம். ஜெயசீலி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் அந்தக் கறுப்பு வாக்கியை முறைத்தாள். காலையில் மஸ்கட்டிலிருந்து கிளம்பியது ஐந்து வண்டி. அதில் ஒன்று வஹீபா பாலைவனத்தில், இரண்டு மணல்மேட்டுக்கு நடுவே ஒரு குழியில், வயிறு தட்டி உட்கார்ந்திருக்கிறது, அதற்குள்ளே சீட் பெல்ட்கூடக் கழற்றாமல் ஒரு பொம்பளை முழுசாக உட்கார்ந்திருக்கிறாள், இவன் எல்லாரும் இருக்கோம் என்கிறான். டீக்கு நிறுத்திய இடத்தில் அஞ்சாம் நம்பர், இப்ராஹிம் வண்டியின் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது, அதை மாட்ட ரெண்டும் மூணும் அங்கேயே நின்றன, வெளிச்சம் இருக்கும்போதே கூடாரத்துக்கு இடம் பிடிக்கணும் என்று தங்கபாண்டி முன்னால் புறப்பட்டான், "அண்ணி, நீங்க என் பின்னாடியே வந்துருங்க" என்றான், வந்தாள். அவன் மேட்டை வலப்பக்கமாகச் சுற்றிப் போனான், அவள் நேராக ஏறினாள், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள், அவ்வளவுதான், வண்டி நின்றது, பின்னால் வழுக்கியது, குழியில் அமர்ந்தது. பயந்துபோய் என்பதை யாரிடமும் சொல்லப்போவதில்லை, கால் மரத்துப்போச்சு என்று சொல்லிக்கொள்ளலாம். முன்னால் போகிறவன் அண்ணி பின்னால் நிற்பவர்களோடு நின்றுவிட்டாள் என்று நினைத்திருப்பான், பின்னால் இருப்பவர்கள் அண்ணி பாண்டியோடு போய்விட்டாள் என்று நினைத்திருப்பார்கள், ரெண்டு பேருமே தப்பில்லை, நடுவில் இருப்பவள்தான் எங்கேயும் இல்லை. போனில் சிக்னல் கிடையாது. வாக்கி இருக்கிறது, பொத்தானை அமுக்கி ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆளாளுக்கு ஓடி வருவார்கள். கட்டைவிரல் பொத்தான்மேல்தான் இருந்தது. அமுக்கவில்லை. அவர்களாகக் கேட்கட்டும். எத்தனை தடவை எண்ணினால் ஒரு வண்டி குறைகிறது என்று இவர்களுக்கு உறைக்கும், அதைப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தாள்.

உறைக்காது, எப்படி உறைக்கும், மூணுக்கு அப்புறம் அஞ்சு என்று கணக்கையே மாற்றிவைத்தாயிற்றே. டேனியல், அவள் புருஷன், போன ஈஸ்டர் கழிந்து ஆபீஸ் கார் நிறுத்தத்தில், சாவியைக் கையில் வைத்தபடியே, செத்துப்போனார். அடக்கத்துக்கு ஊரில் நாசரேத் வரைக்கும் தங்கபாண்டி கூடவே வந்தான், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஏங்கி ஏங்கி அழுதான், அதை மறந்தால் அவள் மனுஷியே இல்லை. ஆனால் திரும்பி மஸ்கட் வந்த பிறகு அவன் வாயில் அக்கா அண்ணியாகிவிட்டாள். அத்தனை வருஷமும் அக்கா. ஜெயாக்கா குழம்புல என்ன போட்டீங்க, ஜெயாக்கா அம்மா வந்திருக்காங்க ஒரு எக்ஸ்ரே எடுக்கணும். டேனியலை அண்ணே என்பான், அவளை அக்கா என்பான், "அப்போ நானும் இவளும் அண்ணன் தங்கச்சியாலே பாண்டி?" என்று டேனியல் வாய்விட்டுச் சிரிப்பார். அண்ணன் உயிரோடு இருந்தவரை தனி ஆளாக இருந்தவள், அண்ணன் போன பிறகுதான் அண்ணனுக்குப் பெண்டாட்டியானாளாம். இது என்ன நியாயம்? மரியாதை என்பான். எல்லாவற்றுக்கும் அவனிடம் அந்த ஒரு வார்த்தைதான். இந்தப் பயணத்துக்கு முன்னால் அவன் வீட்டில் எல்லாரும் கூடினபோது எழுந்து நின்றான், "நாலாம் நம்பர் நம்ம அண்ணன் நம்பர். இனிமே அந்த நம்பரை யாரும் எடுக்கக் கூடாது. அது அண்ணனுக்கு நாம செய்ற மரியாதை" என்றான். கிரிக்கெட்டில் பெரிய ஆட்டக்காரன் ஓய்வு பெற்றால் அவன் சட்டை நம்பரை வேறு யாருக்கும் கொடுக்காமல் எடுத்துவைப்பார்களாம், அந்த மாதிரியாம். கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், இப்ராஹிம் பெண்டாட்டி ஷமீமா கண்ணைத் துடைத்தாள், ஜெயசீலியும் சேர்ந்து தலையைக் குனிந்தாள், அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் குனிந்தாள்? துக்கவீட்டுக்காரி குனிய வேண்டும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? "அப்போ என் வண்டிக்கு என்ன நம்பர் பாண்டி?" என்று கேட்கத்தான் செய்தாள். "உங்களுக்கு எதுக்கு அண்ணி நம்பர், நீங்க என் கண்ணு முன்னாடிதானே இருக்கப் போறீங்க" என்றான். கண்ணு முன்னாடி! பின்கண்ணாடியில் இருந்த நாலாம் நம்பர் ஸ்டிக்கரை மட்டும் கிழியாமல் எடுத்துக் கொடுங்க அண்ணி என்று வாங்கிப் போனான், எதுக்குப்பா என்றதற்கு இருக்கட்டும் அண்ணி என்றான், ஹேர் டிரையரைக் காட்டிக் காட்டி ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அவளே உரித்துக் கொடுத்தாள். மடச்சி.

அண்ணன் நம்பராம். டேனியல் வாக்கியில் நாலு என்று சொன்னதே கிடையாது. மணலில் வண்டி இறங்கிவிட்டால் அவருக்கு நாக்கின் நுனி வெளியே வந்துவிடும், ரெண்டு கையும் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் குண்டு விழுந்தாலும் திரும்ப மாட்டார். ஒரே ஒரு தடவை ஆசைப்பட்டு வாக்கியைப் பிடுங்கிச் சொல்லப் பார்த்தார், அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு பக்கம் சரிய, நாலுக்குப் பதிலாக நா, ஐயோ ஏசுவே என்று எல்லா வண்டியிலும் கேட்டது, அன்றைக்கு ராத்திரி வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்கப்புறம் "நம்பரைச் சொல்லுட்டி" என்பதோடு சரி. சொன்னது அவள். ஒவ்வொரு டிசம்பரும், ஒவ்வொரு மேடு தாண்டியும், மூணுக்கு அப்புறம் அஞ்சுக்கு முன்னால், அவள் குரல். அது ஒன்றும் லேசான குரல் இல்லை, நாள் முழுக்க எக்ஸ்ரே அறைக்கு உள்ளேயிருந்து தமிழிலும் மலையாளத்திலும் அரபியிலும் ஊராரை மிரட்டுகிற குரல், மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடுங்க. அவள் சொன்னால் தாடிவைத்த பெரிய பெரிய ஆள்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். டேனியல் மட்டும்தான் நிற்கவில்லை. கம்பெனி பரிசோதனைக்கு என்று அவளிடமே படம் எடுக்க வந்தார், வீட்டில் வாடா போடா என்கிற அளவுக்குச் சண்டை போடுகிறவள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அசையாதீங்க என்றதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், படம் கலங்கி இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது படத்தில் நெஞ்சு சுத்தமாக இருந்தது, ஒரு நிழல்கூட இல்லை. எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் அடைப்பு தெரியாது என்பது அவளுக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்தும் அந்தப் படத்தை அவளால் மன்னிக்க முடியவில்லை. நாலை எடுத்துவைத்தார்களே, யாருடையதை எடுத்துவைத்தார்கள்? செத்தது அவர், வாயடைத்தது இவளுக்கா? செத்தவரிடமிருந்து எடுக்க ஒன்றுமே இல்லையே, அவரிடம் நம்பரும் இல்லை குரலும் இல்லை, பக்கத்து சீட்டில் இருந்தவளிடமிருந்து பிடுங்கி அவர் பேரில் மாட்டிவிட்டிருக்கிறார்கள், இதில் பிடுங்கியவர்களுக்கும் தெரியவில்லை, கொடுத்தவளுக்கும் இதோ இந்தக் குழியில் உட்கார்ந்த பிறகுதான் முழுசாகத் தெரிகிறது.

கதவைத் தள்ளித் திறந்து இறங்கினாள். கணுக்கால்வரை மணல், மேலே சூடாகவும் உள்ளே ஜில்லென்றும். பின்பக்கம் ஏற்றிவைத்திருந்த கரிமூட்டைகளை நகர்த்தி, அடியில் இருந்த ஷவலை உருவி எடுத்தாள். மணலில் மாட்டினால் என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டாம், டேனியல் ஓட்டுவார், மாட்டுவார், இறங்கித் தோண்டுவது அவள், அவருக்கு இடுப்பு வளையாது. பின்சக்கரத்துக்கு முன்னால் தோண்டினாள். ஒரு ஷவல் எடுத்தால் பக்கத்திலிருந்து ஒன்றரை ஷவல் சரிந்து வந்தது. தோண்டினாள். கோபத்தில் தோண்டும்போது கை வலிப்பதில்லை, அது ஒரு சௌகரியம். நிமிர்ந்தபோது முகத்துக்கு நேரே பின்கண்ணாடி, ஸ்டிக்கர் உரித்த இடத்தில் பசை சரியாகப் போகவில்லை, அதில் மணல் அப்பிக்கொண்டு கோணலாக ஏதோ தெரிந்தது, நகத்தால் சுரண்டினாள், போகவில்லை, சனியன் என்று விட்டுவிட்டாள். திரும்ப ஏறி வண்டியை எடுத்தாள், சக்கரம் சுற்றியது, மணல் பறந்தது, வண்டி இன்னும் ஒரு பிடி கீழே இறங்கியது. நிறுத்தினாள். இப்போது கோபத்துக்கு அடியில் வேறொன்று அசைந்தது. சூரியன் மேட்டின் உச்சியைத் தொட்டுவிட்டது, குழியின் ஒரு பாதி நிழலாகிவிட்டது, நிழல் அவள் இருக்கும் பக்கம்தான் வருகிறது. காற்று வேறு, அவள் வந்த சக்கரத் தடத்தைப் பார்த்தாள், ஓரங்கள் மழுங்கிவிட்டன, கொஞ்ச நேரத்தில் தடமே இருக்காது, இருட்டில் இவர்கள் தேடி வந்தாலும் எதை வைத்துத் தேடுவார்கள்? போதும் வீம்பு, அமுக்கு பொத்தானை. அமுக்கி என்ன சொல்ல? முன்னாலெல்லாம் சொல்வதற்கு ஒரு முறை இருந்தது, நாலு, மாட்டிக்கிட்டோம். மாட்டிக்கிட்டோம். ஓம். அந்த ஓமில் நாக்கைக் கடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு ஆளும் இருப்பார். இப்போது என்ன சொல்வது, அண்ணி மாட்டிக்கிட்டாங்க என்றா? அண்ணி என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், பதறியடித்து வருவார்கள், தண்ணி குடிங்க அண்ணி, நீங்க உக்காருங்க அண்ணி என்பார்கள், ஷவலைக் கையிலிருந்து பிடுங்குவார்கள், நாளைக்கே வண்டியை ரெண்டாம் நம்பர்காரன் ஓட்டுவான், அவள் பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்து வருவாள், அடுத்த டிசம்பர் அதுவும் இருக்காது, வண்டியை வித்துருங்க அண்ணி உங்களுக்கு எதுக்கு என்று ஒருத்தன் ஆரம்பிப்பான். கூப்பிடாமல் இருந்தால் இந்த ராத்திரி போய்விடும், அண்ணி என்று கூப்பிட்டால் மிச்சமெல்லாம் போய்விடும். இரண்டுமே நிஜமாகப் பயமாக இருந்தது, தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு வாய் குடித்துவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று தூக்கிப் பார்த்தாள்.

வாக்கி கரகரத்தது. ஷமீமா. "பாண்டி அண்ணே, டயர் மாட்டியாச்சு, நாங்க வந்துக்கிட்டே இருக்கோம். கோழி சுடுறதுக்குக் கரி யார் வண்டியில இருக்கு?" தங்கபாண்டி சொன்னான்: "கரி அண்ணி வண்டியில இருக்குல்ல." "ஓ, அப்ப சரி" என்றாள் ஷமீமா. ஜெயசீலிக்கு ஒரு நிமிஷம் வாய்விட்டுச் சிரிக்க வந்தது, அப்படியே நெஞ்சில் நின்றுவிட்டது. கரியைக் கேட்டார்கள். கரி எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள், தெரிந்துகொண்டார்கள், நிம்மதியானார்கள். கரி இருக்கிற வண்டி எங்கே என்று ஒருத்தருக்காவது, ஒரே ஒருத்தருக்காவது, கேட்கத் தோன்றியதா? மூட்டை தூக்கிப்போடும்போது, உங்க வண்டியிலதான் அண்ணி இடம் இருக்கு என்றார்களே, ஆள் இல்லாத சீட்டு எல்லாருக்கும் நன்றாகத் தெரிகிறது, ஆள் இருக்கிற சீட்டுதான் தெரியவில்லை. வாக்கி திரும்பவும் கரகரத்தது, இந்தத் தடவை தங்கபாண்டியின் பெண்டாட்டி வித்யா, குரலைத் தணித்துக்கொண்டு, தணித்தால் யாருக்குக் கேட்காதோ தெரியவில்லை: "எல்லாரும் கேளுங்க. கேம்ப் ஃபயர் போட்டதும் முதல்ல ஒரு நிமிஷ மௌனம். அப்புறம் அந்த நாலாம் நம்பர் ஸ்டிக்கரை டேனியல் அண்ணன் போட்டோவோட ஃப்ரேம் போட்டு வச்சிருக்கோம்ல, அதை அண்ணிகிட்டக் குடுக்கிறோம். அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது." "அக்கா காதுல விழுந்துறப் போவுது" என்றாள் ஷமீமா. "அட, அவங்க வாக்கியை எங்க போடப்போறாங்க" என்றான் தங்கபாண்டி, "அதெல்லாம் எப்பவும் அண்ணன் பாத்துக்கிட்டது."

அவள் வாக்கியைக் கையில் எடுத்தாள். பயம் எந்தப் பக்கம் போயிற்று என்றே தெரியவில்லை. அண்ணன் பாத்துக்கிட்டது. இத்தனை வருஷமும் இவன் காதில் விழுந்தது எதுவாம்? டேனியல் பொம்பளைக் குரலில் பேசினாரா? ஒரு குரல் மூணுக்கு அப்புறம் வந்தது, அது வந்தது என்று இவனுக்குத் தெரியும், அதனால்தான் நிம்மதியாக அடுத்த மேட்டில் ஏறினான், ஆனால் அது யார் என்று ஒரு தடவைகூட இவன் காது கேட்டுக்கொள்ளவில்லை, வண்டி டேனியல் வண்டி, அதனால் குரலும் டேனியல் குரல். கெட்டவனும் இல்லை. அதுதான் பெரிய ஆத்திரம், கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம், இவன் ஃப்ரேம் போட்டு வைத்திருக்கிறான், நல்ல கண்ணாடி போட்ட ஃப்ரேமாகத்தான் இருக்கும், கடையில் நின்று பார்த்துப் பார்த்து வாங்கியிருப்பான், கொடுக்கும்போது அழுவான். அந்த ஃப்ரேமை வாங்கிக்கொண்டு அவள் என்ன செய்ய வேண்டும்? நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டுமா, தேங்க்ஸ் பாண்டி என்று சொல்ல வேண்டுமா? அவளுடைய நாக்கை அறுத்துக் கண்ணாடிக்குள் போட்டு அவளிடமே கொடுக்கிறார்கள், அதற்கு ஒரு நிமிஷ மௌனம் வேறு! டேனியல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைக்கப் பார்த்தாள், தெரிந்த விஷயம்தான், சிரித்திருப்பார், "ஏட்டி, நீ எதுக்கு ஊமையா உக்காந்திருக்க" என்றிருப்பார், எல்லாவற்றுக்கும் சிரிக்கிற மனுஷன், போகிறபோதாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று அவர்மேலும் ஒரு கோபம் வந்து, கண்ணில் நீர் முட்டி, மணல் பட்ட புறங்கையால் துடைக்கப்போய்க் கண் எரிந்தது. நிழல் வண்டியின் முன்பக்கத்தில் ஏறிவிட்டது. ரொம்ப நேரம் இல்லை.

"சரி, நான் இடத்துக்கிட்ட வந்துட்டேன்" என்றான் தங்கபாண்டி. "எல்லாரும் எங்கிட்டு இருக்கீங்கன்னு கடைசியா ஒருக்கா நம்பரைச் சொல்லிருங்க. ஒண்ணு." காற்று. "ரெண்டு." ஜெயசீலி வாக்கியை வாய்க்கு நேரே பிடித்தாள். இப்போது பேசாவிட்டால் இவர்கள் மூணுக்கு அப்புறம் அஞ்சு சொல்லி, எல்லாரும் இருக்கோம் சொல்லி, கணக்கை மூடிவிடுவார்கள். மூச்சை இழுத்தாள், பிடித்தாள். "மூணு" என்றது வாக்கி. அந்தச் சத்தம் அடங்கியதும் பொத்தானை அமுக்கினாள். "நாலு" என்றாள். எக்ஸ்ரே அறைக் குரல், பிசிறில்லாமல், இத்தனை வருஷமும் எப்படிச் சொன்னாளோ அப்படியே, அதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லாமல். பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். வாக்கி வெறுமனே இரைந்தது. போயிற்று, கேட்கவில்லை, மேடு மறைத்துவிட்டது என்று அவள் நினைக்கும் முன்னால், ஷமீமாவின் குரல், வேறு எதையோ பார்த்துக்கொண்டு பழக்கத்தில் சொல்கிற குரல், "அஞ்சு" என்றது. அஞ்சு. நாலுக்கு அப்புறம் அஞ்சு. பிறகு அதே குரல் பதறியது, "யா அல்லாஹ்! அக்கா! ஜெயாக்காதானே அது? அண்ணே, அக்கா உங்க கூட இல்லையா?" ரெண்டும் மூணும் ஒரே நேரத்தில் பேசியதில் ஒன்றும் புரியவில்லை, அதற்கு மேலே தங்கபாண்டி கத்தினான், "உங்க கூட இல்லையா? ஐயோ, அண்ணி, எங்க இருக்கீங்க? அண்ணி! அண்ணி, கேக்குதா?" அவன் குரல் உடைந்துவிட்டது, நிஜமாகவே பயந்துபோனான், ஜெயசீலிக்கு அது புரிந்தது, இருந்தும் அண்ணி என்று கூப்பிட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று இருந்தாள். ஒவ்வொருத்தராக ஓய்ந்து, வாக்கியில் காற்று மட்டும் மிஞ்சியது. கொஞ்சம் கழித்து, ரொம்ப மெதுவாக, "நாலு?" என்று கேட்டான் தங்கபாண்டி.

அவள் பொத்தானை அமுக்கினாள். "நாலு மாட்டிக்கிட்டேன்" என்றாள், ஓமுக்குப் பதிலாக வந்த அந்த ஏன் வாயில் புதுசாக இருந்தது, நின்றது. "டீ குடிச்ச இடத்துக்கும் உங்களுக்கும் நடுவுல, நீ வலப்பக்கம் சுத்துனியே பாண்டி, அந்த மேட்டுக்கு இந்தாண்டை. லைட்டைப் போட்டு வைக்கேன். ரெண்டு ஷவல் கொண்டா. ஃப்ரேமுக்குள்ள இருக்க என் ஸ்டிக்கரை எடுத்துட்டு வா. அதுவரைக்கும் உங்க யாருக்கும் கரி கிடையாது."